அக்காவின் வாத்து

“அத்தை, அந்தக் கோடிக் கடையிலயும் நம்ம வாத்து இருக்கு!” என்று அண்ணன் மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“நல்லாப் பாத்தியாடி?” என்றாள் அக்கா.

“சரிவுல விட்டா அதுவும் தத்தித் தத்தி நடக்குது.”

அக்கா வார இறுதிக் கைவினைச் சந்தையில் மரப்பொம்மை விற்கிறாள். அந்த நடை வருவதற்காகவே வாத்தின் கால்களை மாதக்கணக்கில் இழைத்துப் பார்த்தவள். போன வாரம் ஒருவன் அதைக் கவிழ்த்துப் பிடித்து, போனில் படமெடுத்துக்கொண்டு, வாங்காமல் போனான். அண்ணன் மகள் சொன்ன அடையாளப்படி அவன்தான் அந்தக் கடைக்காரன்.

“பிள்ளைக்குக் காட்டணும்னு பல்லிளிச்சானே, திருட்டுப் பய!” என்று அக்கா பொரிந்து தள்ளினாள். எனக்கும் ஆத்திரம்தான். சண்டை போடத்தான் வாய் வரவில்லை.

அக்கா என்னிடம் திரும்பினாள். “நீ ஒண்ணும் பேச வேணாம். இனிமே எவனாவது போனைத் தூக்கினா, அண்ணன் பிள்ளைங்களோட வந்து குறுக்கே நில்லு, போதும்.”