கடல் சாய்ந்திருந்த படம்

1982-ஆம் வருடம் ஜூலை மாதம், காலை ஒன்பது மணிக்குக் கப்பல் போர்ட் கிள்ளான் துறைமுகத்தை அடைந்தது. சென்னையில் ஏறி அன்று ஏழாவது நாள். மாயவரத்தில் முப்பத்து மூன்று வருடம் பூகோள வாத்தியாராக இருந்து, மலேயாவின் ரப்பரையும் ஈயத்தையும் வரைபடத்தில் குச்சியால் தொட்டுக் காட்டியவன் நான். அந்த மண்ணில் கால் வைத்தபோது எனக்கு வயது அறுபத்தாறு.

சுங்கப் பரிசோதனை முடிந்து வெளியே வர இரண்டு மணி நேரம் ஆனது. கம்பி வேலிக்கு அப்பால் என் மகள் வசந்தாவும் மாப்பிள்ளை தேவராஜும் நின்றிருந்தார்கள். கல்யாணமாகி அவள் கப்பலேறி எட்டு வருடம். ஓடி வந்து என் பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னப்பா இப்படி எளைச்சுட்டீங்க?"

"நீயுந்தான் எளைச்சிருக்கே."

"நான் டயட்டுப்பா, உங்களுக்கு என்ன?" என்றாள். மாப்பிள்ளை சிரித்தார். நான் என் மகளோடு மூன்று வருடமாகச் சரியாகப் பேசாதவன் என்று அங்கே பார்த்த யாரும் சொல்லியிருக்க முடியாது.

என் பயணச் செலவைப் போட்டவர் மாப்பிள்ளைதான். ரயில்வேயில் குமாஸ்தா வேலை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் வீடு. கோலாலம்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தெருவில் இறங்கினால் பூக்கடை, இட்லிக் கடை, இரண்டு கோயில், ஒரு மாதா கோயில். நம்மூரில் நடப்பதுபோலவே இருக்கும், நடுவில் ஒரு சீனர் கடைக்காரர் நம்மை "தம்பி" என்று தமிழில் கூப்பிடும் வரை.

அந்த எட்டு வருடத்தில் வசந்தா எனக்கும் என் மனைவி கமலத்துக்கும் நிறையப் படங்கள் அனுப்பியிருந்தாள். எல்லாமே வெளியில் எடுத்தவை. பூங்கா, மரம், ஆற்றுப்பாலம், கடற்கரை. வீட்டுக்குள் எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. "பொண்ணு எந்நேரமும் உல்லாசமா சுத்திக்கிட்டே இருக்கு போல" என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். உண்மை எனக்கு முதல் நாள் இரவே தெரிந்துவிட்டது. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள். ஒரே ஜன்னல். பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். மாப்பிள்ளையின் கேமராவுக்கு ஃப்ளாஷ் கிடையாது. உள்ளே எடுத்தால் எல்லாம் கறுப்பாகத்தான் விழும், அதனால் வெளியில் எடுத்தார்கள். இவ்வளவுதான் விஷயம்.

நான் செய்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1979-இல் கமலம் படுக்கையில் விழுந்தாள். வசந்தாவால் வர முடியவில்லை. அவளுக்கு அந்த நாட்டின் குடியுரிமை இல்லை, சிவப்பு அடையாள அட்டைதான். வெளிநாடு போய்த் திரும்பி வர அனுமதிச் சீட்டு வேண்டும், அது இன்னும் வரவில்லை என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். நான் அதைச் சாக்கு என்று நினைத்தேன். அப்போது ஒரு உறை வந்தது. உள்ளே ஒரே ஒரு படம். பின்புறம் "அம்மாவுக்கு" என்று எழுதியிருந்தது. படத்தில் வசந்தா கடற்கரையில் தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடல்கூட நேராக இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தாய் சாகக் கிடக்கிறாள், இவள் சிரிக்கிறாள் என்று எனக்கு வந்த கோபத்தில் அந்தப் படத்தை அட்லஸுக்குள் செருகி அலமாரியில் வைத்தேன். கமலத்திடம் காட்டவில்லை. அவள் தினமும் "தபால் வந்துதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதைப் பார்க்காமலேயே அவள் போய்விட்டாள்.

அதன்பின் வசந்தா எழுதிய இரண்டு கடிதங்களில், அம்மா படத்தைப் பார்த்தார்களா என்று கேட்டிருந்தாள். நான் பதில் எழுதவில்லை. அந்தப் படத்தையும் மற்றவற்றோடு ஒரு உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் கப்பலேறினேன். வந்து நான்கு நாளாகியும் சொல்லவில்லை. அவள் எனக்கு இட்லி வைப்பாள், நான் சட்னி நன்றாக இருக்கிறது என்பேன்.

சனிக்கிழமை மாலை மாப்பிள்ளை உறையைத் திறந்து படங்களைப் பாயில் பரப்பினார். "மாமா, இதெல்லாம் எடுத்த இடத்தைக் காட்டுறேன், வாங்க" என்று குழந்தைபோல உற்சாகமானார்.

அன்றே லேக் கார்டன் என்னும் ஏரிப் பூங்காவுக்குப் போனோம். பெரிய மழைமரம் ஒன்றின் கீழ், கையில் மடக்கிய குடையோடு வசந்தா ராணிபோல நிற்கும் படம் அங்கே எடுத்தது. எங்கள் தெருவில் எல்லோரும் மெச்சிய படம்.

"மெச்சினாங்களா?" என்றாள் வசந்தா. "அன்னிக்கு மழை. ஒரு மணி நேரம் இந்த மரத்தடியிலதான் நின்னோம். குடை கம்பி ஒடிஞ்சு போச்சு, விரிக்க முடியல. முட்டி வரைக்கும் சேறு. அதான் இடுப்புக்கு மேல மட்டும் எடுத்தாரு."

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிள்ளானுக்குப் பஸ் பிடித்தோம். இருபது மைல், ஆளுக்கு அந்த நாட்டுப் பணத்தில் ஒரு வெள்ளி இருபது காசு. ஃபெடரல் ஹைவேயில் பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டும்போது தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. சுங்கை வேயில் நீலச் சட்டை போட்ட பெண்கள் வேலைக்கு இறங்கினார்கள். பாதிப் பேர் பேசியது தமிழ்.

கிள்ளானில் ஆற்றுப்பாலத்தின் அருகே மாப்பிள்ளை நின்றார். இடுப்பில் கைவைத்து, மார்பை நிமிர்த்தி, அவர் நிற்கும் படம் என்னிடம் இருந்தது. திமிர் பிடித்த ஆள் என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்திருந்தேன்.

"அது மூணாவது தடவை கார் டெஸ்டுல ஃபெயிலான அன்னிக்கு, மாமா."

"மூணு இல்ல, நாலு" என்றாள் வசந்தா.

"நாலாவது மோட்டார் சைக்கிள் லா. அத ஏன் இதுல சேக்கிற?" பேச்சின் கடைசியில் "லா" போடுவது அந்த ஊர் வழக்கம். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தேன் மாமா. இவதான், பாஸான மாதிரி நில்லுங்க, ஊருக்கு அனுப்பலாம்னா."

நான் சிரித்தேன். அடுத்தது மோரிப் கடற்கரையில் எடுத்த அந்தச் சிரிக்கும் படம் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கிள்ளானில் பத்து மணிக்கு வேறு பஸ். பந்திங் ஊர் வழியாக மோரிப், ஒரு வெள்ளி எண்பது காசு. இருபுறமும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள். கண்டக்டர் தமிழர். என் வேட்டியைப் பார்த்ததும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா அங்கிள்? மோரிப்ல என்னா பாக்கப் போறீங்க? தண்ணி வத்துற நேரம், வெறும் சேறுதான் லா."

"சேறுதான் பாக்கப் போறோம் அண்ணே" என்றார் மாப்பிள்ளை.

கண்டக்டர் சொன்னது சரி. எங்கள் பூம்புகாரில் கடல் ஆளைத் தள்ளும், சத்தம் போடும். மோரிப்பில் சவுக்கு மரங்கள் முடிந்ததும் கடல் தொடங்கவில்லை. சாம்பல் நிறச் சேறு அரை மைலுக்குப் பளபளத்தது. அதற்கு அப்பால் ஒரு கோடாகத் தண்ணீர். கூடையோடு சிலர் சேற்றில் குனிந்து சிப்பி பொறுக்கினார்கள். மலாய்க் குடும்பங்கள் மரநிழலில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒரு கிழவர் எனக்குத் தன் பாயில் இடம் காட்டினார். மொழி தெரியாமல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

வசந்தா அந்தப் படத்தைக் கையில் வாங்கினாள். "இந்த இடந்தான்" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"அம்மா உங்க கடுதாசி ஓரத்துல எழுதியிருந்தாங்கப்பா. எல்லாப் படத்துலயும் பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரியே நிக்கிறே, ஒரு படமாவது சிரிச்சு எடுத்து அனுப்புடி, பாத்துக்கிட்டே படுத்திருப்பேன்னு."

நான் கடிதம் எழுதி முடித்ததும் மிச்ச இடத்தில் கமலம் நாலு வரி எழுதுவாள். படிக்காமல் ஒட்டி அனுப்பிவிடுவேன். அந்த வரிகளை மூன்று வருடம் கழித்து மோரிப்பில்தான் கேட்டேன்.

"எனக்குச் சிரிப்பே வரலப்பா. பர்மிட் வரல, அம்மா கெடக்கிறாங்க. வாயத் தொறந்தா அழுகதான் வந்துச்சு. காலையிலேர்ந்து இவரு கோமாளித்தனம் பண்ணிப் பாத்தாரு. ஃபிலிம்தான் தீந்துச்சு. கடைசில நல்லா நில்லு நல்லா நில்லுன்னு பின்னாலயே நடந்தாரு பாருங்க, பொதக்குன்னு சேத்துல உக்காந்துட்டாரு."

"கேமராவ மேல தூக்கிட்டேன் மாமா" என்றார் மாப்பிள்ளை. "நான் போனாலும் பரவால்ல, கேமரா எங்க அண்ணனோடது. விழறப்ப வெரலு அமுக்கிருச்சு. அதான் கடல் அப்படிச் சாஞ்சிருக்கு."

அவர் பிசாங் கோரெங் என்னும் வாழைப்பழப் பஜ்ஜி வாங்கப் போனார். நாங்கள் இருவரும் தனியானோம். அவள் கேட்டாள்.

"அம்மா இதப் பாத்துட்டு என்னப்பா சொன்னாங்க?"

பார்த்தாள், சிரித்தாள் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"பாக்கல வசந்தா. நான் காட்டல."

"வந்து சேரலையா?"

"வந்துது. அவ போறதுக்குப் பதினோரு நாள் முன்னாடியே வந்துது. நான் எடுத்து வச்சுட்டேன்."

"கேட்டாங்களா?"

"தெனமும் கேட்டா. தபால் வந்துதான்னு. இல்லன்னு சொன்னேன்."

"எதுக்குப்பா?"

"நீ சிரிச்சுக்கிட்டு இருந்தே. எனக்குப் பொறுக்கல. தப்பு பண்ணிட்டேம்மா."

அவள் என்னை வையவில்லை. படத்தை என் மடியில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டாள். சேற்றில் இறங்கித் தண்ணீர் இருந்த திசையில் நடந்தாள். சிப்பி பொறுக்குகிறவர்களையும் தாண்டிப் போனாள். மாப்பிள்ளை பொட்டலத்தோடு வந்து அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்.

"ஆறிடும், சாப்பிடுங்க மாமா."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவள் வரும்போது தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. கண் சிவந்திருந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னாள். கிள்ளான் வரை அவள் கணவரோடு பின்சீட்டில் உட்கார்ந்தாள். நான் முன்னால் தனியாக இருந்தேன். அதே கண்டக்டர். "என்னா அங்கிள், சேறு எப்படி?" என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன்.

கிள்ளானில் மாறி கோலாலம்பூர் பஸ்ஸில் ஏறியதும் வசந்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பதினோரு நாளும் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

நான் எழுதாததால் அவளுக்குத் தன் தாயின் கடைசி நாட்களைப் பற்றி எதுவுமே தெரியாது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னேன். கஞ்சி இறங்கவில்லை என்பதை, நார்த்தங்காய் கேட்டு நாக்கில் தடவிக்கொண்டதை, யார் யார் வந்து பார்த்தார்கள் என்பதை.

"தலை யாரு வாரிவிட்டா?"

"நாந்தான்."

"உங்களுக்கு வாரத் தெரியுமா?"

"எங்க தெரியுது. அவ திட்டிக்கிட்டே இருப்பா. பூகோள வாத்தியாருக்கு வகிடு நேரா எடுக்கத் தெரியல, இவரு எப்படித்தான் தீர்க்கரேகை போட்டாரோன்னு."

வசந்தா சட்டென்று சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகவே என்மேல் கோபம் வந்ததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐந்து மைல் பேசவில்லை. சுங்கை வே வந்தபோது, திரும்பாமலே, "அப்புறம்?" என்றாள்.

அதன்பின் நான் ஆறு வாரம் அங்கே இருந்தேன். பாசார் என்னும் சந்தைக்கு அவளோடு போனேன், மாப்பிள்ளையோடு மாலைகளில் ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சில நாள் காலையில் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். ஆனால் என் ரத்த அழுத்த மாத்திரையைத் தம்ளரோடு எடுத்துவந்து, விழுங்கும் வரை எதிரே நிற்பாள். எனக்கு அது தகுதிக்கு மேல்.

செப்டம்பரில் போர்ட் கிள்ளானில் கப்பலேறும் நாள். வெயில் நன்றாக இருந்தது. மாப்பிள்ளை கேமராவைக் கொண்டுவந்திருந்தார். மோரிப்புக்குப் பின் நாங்கள் இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளவேயில்லை. அன்று வசந்தாவே என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க ரெண்டு பேரையும் எடுங்க. இந்தப் படத்தக் கழுவி அடுத்த வாரமே அனுப்புங்க." பிறகு விரலை நீட்டி என்னிடம் தொடங்கினாள். "அப்பா, படம் வந்த அன்னிக்கே சித்தி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டணும். நான் சித்திக்குத் தனியா எழுதிக் கேப்பேன். ஒளிச்சு வச்சீங்கன்னா தெரிஞ்சு போயிரும்."

மாப்பிள்ளை அந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டார்.

படம் அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. உச்சிவெயில். குடையை எடுத்துக்கொண்டு கமலத்தின் தங்கை வீட்டுக்கு நடந்தேன். அவள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வசந்தா விரலை நீட்டியிருக்கிறாள், வாய் திறந்திருக்கிறது. நான் பள்ளிக்கூடத்துப் பையன்போலத் தலையைக் குனிந்து நிற்கிறேன்.

"என்ன அத்தான், உங்களை இப்படித் திட்டிக்கிட்டிருக்கா? என்ன சொல்றா?"

உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.