விடக்கூடாத மீன்

பொயிண்ட் குக்கில், வீடுகளுக்கு நடுவே ஓர் ஏரி. என் தூண்டிலில் கொழுத்த கார்ப் மீன் ஒன்று துள்ளுகிறது. லண்டனில் காசு கட்டி மீன் பிடிக்கும் குளங்களில் பழகியவன் நான். அங்கே பிடித்த மீனைக் காயமில்லாமல் திரும்ப விட்டுவிட வேண்டும். கைகளை நனைத்துக்கொண்டு தூண்டில் முள்ளைப் பக்குவமாகக் கழற்றி, தண்ணீரை நோக்கிக் குனிகிறேன்.

"ஐயோ தம்பி, விடாதையும்!" பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த மன்னார் அங்கிள் ஓடி வருகிறார். "இது இஞ்சத்த ஆறுகளை நாசமாக்கிற மீன். திரும்ப உயிரோட விட்டால் இந்த நாட்டில குற்றம்."

"அப்ப கறிக்கோ?"

"சீ, சேத்து மணம்."

மீனுக்குப் பேர்போன மன்னார்க்காரரா இப்படிச் சொல்கிறார்! மீனைப் பறித்துக் கட்டையால் தலையில் ஒரே அடி. அப்படியே குப்பைத் தொட்டிக்குள் போட்டு மூடுகிறார்.

மீனுக்கு நோகக்கூடாதென்று நனைத்த என் கைகளில் இன்னும் ஈரம் காயவில்லை.