ரொட்டிக்காரியின் சொட்டு மருந்து

என் சின்ன அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளை எல்லோரும் ரொட்டிக்காரி என்பார்கள். பேக்கரியில் பெரிய அடுப்பு அவள் பொறுப்பு. நீளப் பிடி வைத்த பலகையால் ரொட்டியை உள்ளே தள்ளுவதும், பதம் பார்த்து வெளியே இழுப்பதும் அவள் வேலை. அடுப்பின் முன்னால் நின்றுவிட்டால் முதலாளியே ஒதுங்கித்தான் போவார். அவள் வீட்டுக்காரர் அதே பேக்கரியில் வண்டி ஓட்டுகிறார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நாற்பதைத் தாண்டிய பிறகு அவளுடைய இடது கையில் சூட்டுத் தழும்புகள் ஏற ஆரம்பித்தன. வலது கை பழையபடி சுத்தமாக இருந்தது. "அடுப்புக்கு உன் இடது கை மேல மட்டும் என்ன கோபம்?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். ஒரு நாள் இடப்பக்கம் நின்றிருந்த மாவு பிசைகிறவரின் விலாவில் பலகைப் பிடியால் நன்றாக இடித்துவிட்டாள். வேண்டுமென்றே இடித்தாள் என்று அவர் கொஞ்ச நாள் முகம் கொடுக்காமலே வேலை செய்தார்.

பொடி எழுத்து தெரியவில்லை என்று கண்ணாடி வாங்கப் போனாள். கடைக்காரப் பெண் சோதித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி அப்புறம், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். அங்கே டாக்டரம்மா கண்ணின் அழுத்தத்தை அளந்தார், உள்ளே நரம்பைப் பார்த்தார், சொந்தத்தில் யாருக்காவது பார்வை போனதுண்டா என்று கேட்டார். அவள் அங்கிருந்தே எனக்குப் போன் போட்டாள். எங்கள் வம்சத்தில் யார் எந்த முறை, யார் எதில் போய்ச் சேர்ந்தார் என்பதை என்னிடம்தான் கேட்பார்கள்.

எங்கள் பெரிய அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஊரார் வைத்த பேர் துரை. பக்கத்தில் வந்து கும்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். அந்தக் கோபத்தில் அவருடைய சம்பந்தி வீட்டார் உறவையே முறித்துக்கொண்டு போனார்கள். பிற்பாடு நிலைப்படியில் மோதுவார், தட்டு விளிம்பைத் தாண்டிப் பரிமாறுவார். வயசாகிவிட்டது என்றோம். அவருக்கு முன்னால் எங்கள் அப்பாவின் அக்காவும் அப்படித்தான், தடவித் தடவி நடந்தே காலத்தை ஓட்டினாள். இத்தனை பேரையும் தலைக்கனம் பிடித்த குடும்பம் என்றுதான் சொன்னார்களே தவிர, கண்ணைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

டாக்டரம்மா அவளுக்கு விளங்கும்படி சொல்லியிருக்கிறார். கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாவிட்டால் அழுத்தம் ஏறும், அது பார்வை நரம்பை நசுக்கும். அதற்குப் பேர் குளுக்கோமா. பெரும்பாலும் வலியே இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும், அவளுக்கு இடது கண்ணில் இடது ஓரம் ஏற்கெனவே போயிருந்தது. போனது போனதுதான், மருந்து மிச்சத்தைக் காப்பாற்றும். அதனால் சொட்டு மருந்தைத் தினமும் விடாமல் போடவேண்டும்.

அவளும் போட்டாள். கண் எரிந்தது, சிவந்தது. வேலைக்குப் போனால், வீட்டில் சண்டையா என்று கேட்டார்கள். இவ்வளவு பட்டும் பார்வை ஒரு நூல் கூடவில்லை. உப்புப் போட்டால் ருசி தெரியும், ஈஸ்ட் போட்டால் மாவு பொங்கும். போட்டதும் தெரியாமல் போடாததும் தெரியாமல் இருக்கிற மருந்தை அவளால் நம்ப முடியவில்லை. கைவிட்டாள். ஆனால் டாக்டரைப் பார்க்கும் நாள் நெருங்கினால், விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குவதுபோல, சில நாள் முன்னதாக ஒழுங்காகப் போடுவாள். அழுத்தம் நன்றாகக் குறைந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொல்வார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வந்து மறுபடி குப்பியை மூடிவைத்துவிடுவாள்.

இப்படிச் சில தடவை போன பிறகு, ஆரம்பத்தில் வைத்த புள்ளிச் சோதனையை மறுபடி வைத்தார்கள். கிண்ணம் போன்ற பெட்டிக்குள் முகத்தை வைத்து, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கவேண்டும். இடது கண்ணில் இருட்டு இன்னும் பரவியிருந்தது, வலது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா குழம்பிப்போனார். அழுத்தம் சரியாக இருந்தும் பார்வை குறைகிறது, இனி அறுவை சிகிச்சைதான் என்றார்.

வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"டாக்டர், உங்களைப் பார்க்க வர்றதுக்கு முன்னால மட்டும்தான் மருந்து போட்டேன். மத்த நாள்ல போடல."

வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. "இதைச் சொல்லலேன்னா, தேவை இருக்கோ இல்லையோ கத்தியை எடுத்திருப்பேன்" என்றார். எரிச்சல் குறைந்த வேறு மருந்து எழுதிக் கொடுத்து, ஒழுங்காகப் போட்ட பிறகு மறுபடி பார்ப்போம், அப்போதும் அடங்காவிட்டால் அறுவைதான் என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து அவள் ஆளே மாறிவிட்டாள். காலையில் பிசைந்த மாவைத் துணியால் மூடிப் பொங்க வைத்ததும் கையைக் கழுவிக்கொண்டு முக்காலியில் உட்காருவாள். ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் அமுக்கிக்கொள்வாள். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்பதற்காம். ராத்திரிச் சொட்டு படுக்கைக்கு முன்னால். முதலாளி ஒரு நாள், "வேலை நேரத்துல என்ன தியானமா?" என்று கேட்டார். "ஆமா, அடுப்பு தெரியணும்னு தியானம் பண்றேன்" என்றாள் கண்ணைத் திறக்காமலே. ரொட்டித் தட்டு அடுக்கும் வண்டியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றவைத்தாள். பலகையை இழுக்குமுன் தலையை முழுசாகத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். மாவு பிசைகிறவரிடம் விஷயத்தைச் சொன்னாள். இப்போது அவர் அந்தப் பக்கம் வந்தால் குரல் கொடுத்துக்கொண்டேதான் வருகிறார்.

பிறகு சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினாள். குடும்பத்தில் வருகிற நோய் என்பதால் கண் சோதனைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எனக்குக் கண்புரை மட்டும்தான். அவள் தம்பிதான் அசையவில்லை. "எனக்கு நல்லாத் தெரியுதுக்கா" என்று சாதித்தான்.

"எனக்கும் நல்லாத்தான்டா தெரிஞ்சுது" என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் அவன் கிளம்பினான். போய்ப் பார்த்தால் அழுத்தம் ஏறியிருந்தது. பார்வை இன்னும் ஒன்றும் போகவில்லை. அவனும் இப்போது மருந்து போடுகிறான், முனகிக்கொண்டே.

போன மாதம் மறுபடி புள்ளிச் சோதனை. வீட்டுக்காரர் சோதனை அறை வாசலிலேயே காத்திருந்தார்.

"பார்வை கூடியிருக்கா?"

"கூடாதுங்க. குறையல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். அடுத்த தடவையும் இதையேதான் சொல்லுவேன், பாருங்க" என்று சொல்லிவிட்டு, அறுவை இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னாள். நரம்பைப் பார்க்க டாக்டரம்மா கண்ணுக்கு விட்ட மருந்தின் கூச்சம் தெளியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, இருவரும் பேக்கரிக்குக் கிளம்பினார்கள்.