கும்மிடிப்பூண்டியில் நான் ஜெயித்ததாகச் சொல்லப்படும் பில்லியர்ட்ஸ் ஆட்டம்

'நீங்கள் வேண்டுமென்றேதான் தோற்றீர்கள்' என்று அன்று நான் தயாளனிடம் சொல்லவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு நான்கு வருடம் ஆகிறது. சக்கர நாற்காலிதான். விரல்கள் மடங்காது, மணிக்கட்டு மட்டும் உயரும். பில்லியர்ட்ஸ் கம்பை வலது உள்ளங்கையோடு பட்டையால் கட்டிக்கொள்வேன். கம்பின் முனையைத் தாங்க இடது கை செய்யவேண்டியதை, பள்ளம் வெட்டிய ஒரு மரக்கட்டை செய்யும். எட்டு மாதம் மறுவாழ்வு மையத்தில் பழகினேன். அங்கே எதிரில் ஆடுபவர்கள் எல்லாம் பாராட்டுகிறவர்கள். என்னைத் தெரியாத ஒருவரோடு ஒரே ஒரு நிஜ ஆட்டம், தோற்றாலும் சரி, ஆட வேண்டியிருந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பில்லியர்ட்ஸ் கடை மாதப் போட்டி நடத்துகிறது. ஆடி மாத ஞாயிறு ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன்.

நான் இருக்கும் வேப்பம்பட்டிலிருந்து ரயில் என்றால் சென்னை போய் மாற வேண்டும். நாற்காலியோடு அது நடக்காது. காரில் செங்குன்றம் வழியாக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். எட்டேகாலுக்குக் கிளம்பி ஒன்பது ஐம்பதுக்குச் சேர்ந்தோம். போக வர, காத்திருப்பு உட்பட 2,600 ரூபாய், சுங்கம் தனி. கடை வாசலில் இரண்டு படி. டிரைவர் முரளி அண்ணனும் இன்னொருவரும் தூக்கிவிட்டார்கள்.

எதிராளி தயாளன், இரும்பு உருட்டாலையில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். என் கையையும் கட்டையையும் பார்த்தார்.

"சேர்ல வந்தா இன்னா, நடந்து வந்தா இன்னா. பால் உள்ள போனா பால்தான். ஆடும்மா."

ஆடினோம். ஒருமுறை, இருவரும் கம்பால் அடிக்கவேண்டிய வெள்ளைப் பந்தைத் தன் பந்துக்குப் பின்னால் ஒளித்து வைத்து, எனக்கு வழியே இல்லாமல் செய்தார். இரக்கமில்லாத அடி. நான்கு வருடத்தில் யாரும் எனக்குத் தராத மரியாதை அது.

அவருக்கு இரண்டு பந்து பாக்கி, எனக்கு மூன்று. அதற்குள் சுற்றிலும் போன்கள் உயர்ந்திருந்தன.

"அண்ணாத்தே, உட்டுக் குடேன். பாவம், அந்தப் பொண்ணு எம்மாந்தூரத்துலேர்ந்து வந்துக்கீது" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"சும்மா இருடா" என்றார் தயாளன். பிறகு குனிந்தார்.

தன் பந்துகள் எல்லாவற்றையும் போட்ட பிறகுதான் கருப்புப் பந்தைப் போட வேண்டும். அதற்கு முன் கருப்பு குழிக்குள் விழுந்தால் அந்தக் கணமே தோல்வி. தினமும் ஆடுகிறவர் கருப்புப் பந்தைத் தூர மூலைக் குழிக்குள் துல்லியமாக அனுப்பினார். அன்றைய மிக நல்ல அடி அதுதான். "ஐயோ, போச்சே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த சுற்றில் வேறொருவரிடம் தோற்றேன். அவரும் எனக்கு வலிக்காதபடி பார்த்துப் பார்த்துத்தான் ஆடினார்.

திரும்பும்போது முரளி அண்ணன், "இன்னாம்மா, ஜெயிச்சுக்கினு வந்து மூஞ்சிய இப்பிடி வெச்சிக்கினு கீறே?" என்றார். தூக்கம் வருகிறது என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: கடையின் கழிப்பறைக்குள் நாற்காலி நுழையாது. மேசையின் சுவரோரப் பக்கம் போக முடியாது. அங்கிருந்து அடிக்க வேண்டியதை என்ன செய்வது என்று முன்பே பேசி வையுங்கள். விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதையும் பேசுங்கள். நான் பேசவில்லை. பேசியிருந்தாலும் அவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த மாதப் போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "நீ ஆடவேணாம்மா, நீதான் சீப் கெஸ்ட்டு. முத பால் அடிச்சித் தொடங்கி வெச்சா போதும்" என்றார். நான் போகவில்லை.