முதல் பிரதி யாருக்கு

பன்னிரண்டு கதைகளும் முடிந்தபோது, முதலில் யாருக்கு அனுப்புவது என்பதுதான் என் பெரிய கவலை. சென்னையில் ஒரு பெரிய பதிப்பகம், கொழும்பில் ஒன்று, பிறகு புளியந்தீவில் என் முதல் கதைகளைத் தன் சிற்றிதழில் போட்ட அச்சகக்காரர். அந்த வரிசையில்தான் வைத்திருந்தேன்.

பத்தாம் வகுப்பில் படித்த மகளின் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். சென்னைக்காரர்கள் எழுத்தைப் பார்த்தே ஆளை மதிப்பார்கள் என்று நினைத்து அவளைக்கொண்டு பிரதி எடுத்தேன். இரண்டு கார்பன் தாள் வைத்து, விரல் நோக அழுத்தி எழுதினாள். மேல் பிரதி சென்னைக்கு, நடுப் பிரதி கொழும்புக்கு, அடியில் மங்கிக் கிடந்தது அச்சகக்காரருக்கு.

"மகளுக்கு மாப்பிள்ள பாக்கக்குள்ளயும் இப்பிடித்தான் தரம் பிரிப்பியோ?" என்று கணவர் சிரித்தார்.

தெரிந்த ஒருவர் சென்னைக்குப் போகிறார், டவுனிலிருந்து காலை கொழும்பு பஸ்ஸில் புறப்படுகிறார் என்று கேள்விப்பட்டேன். டவுனுக்குப் போகும் வழியில், கல்லடிப் பாலத்து இராணுவச் சோதனைச் சாவடியில் பெரியவர்களின் பைகளைக் கொட்டிக் கிளறுவார்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அது தெரிந்துதான், டவுனில் அவரிடம் கொடுக்கச் சொல்லி, கதைக்கட்டை மகளின் ரியூசன் வகுப்புப் பைக்குள் வைத்தேன்.

"கேட்டா என்ன சொல்ற அம்மா?"

"உன்ன ஆரு கேக்கப் போறான்?" என்றேன்.

அன்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து, "டீச்சர், புள்ளய பாலத்தடியில மறிச்சு வெச்சிருக்கானுகள்!" என்றாள்.

நான் போனபோது மண்மூட்டையின் மேல் கதைத் தாள்களும் மகளின் பள்ளிக் கொப்பியும் அருகருகே விரிந்து கிடந்தன. ஆமிக்காரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே கை என்பது தெரிந்துவிட்டது. சைக்கிளில் அவ்வழியே வந்த அச்சகக்காரர் பிள்ளையைக் கண்டு இறங்கி, சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆரு எழுதினதெண்டு கேக்கிறாங்க, டீச்சர்" என்றார்.

நான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே சொல். ஐந்தாவது கதையில் சுற்றிவளைப்பில் பிடித்துப் போகப்பட்ட ஒருவன் வருகிறான். அது நினைவுக்கு வந்தது.

"நான்தான்" என்றாள் மகள்.

அச்சகக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, இது பிள்ளை எழுதிய கதை, தன் அச்சகத்துக்குத்தான் வந்தது, தான் பொறுப்பு என்று அவர்களிடம் சொன்னார். அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைப் பதிந்துகொண்டு மகளை விட்டார்கள். தாள்களைத் தரவில்லை. உறையில் நான் எழுதியிருந்த சென்னை முகவரியை அவர் பார்த்திருப்பார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"மறுகா வந்து விசாரிச்சா நீங்களும் இப்பிடியே சொல்லுங்க, டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

மிஞ்சிய இரண்டு பிரதிகளையும் நான் ஒருவருக்கும் அனுப்பவில்லை.

அன்று மத்தியானம் மகளுக்குச் சோறு போட்டேன். கொஞ்சம் தட்டுக்கு வெளியே சிந்தியது.

"நான் சொல்லத்தான் வந்தன், மகள்" என்றேன்.

"ஓம் அம்மா" என்றாள், சிந்திய சோற்றைப் பொறுக்கியபடி. "நீங்களும் சாப்பிடுங்க."