வலி இல்லை என்று எழுதிய காலை

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்த புதிதில் நான் சித்தூரில் நர்சு வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் ஊர் குடிபாலாவுக்குப் பக்கம். வீட்டில் தமிழ், சபையில் தமிழ், நர்சுப் படிப்பு இங்கிலீஷ். தெலுங்கு எனக்குக் கடைத்தெருவில் புளி, மிளகாய் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். வார்டிலோ பாதிப் பேர் தெலுங்கு, பாதிப் பேர் தமிழ். எந்த ஊர் ஆந்திராவோடு இருக்கும், எந்த ஊர் மதராசுப் பக்கம் போகும் என்று கட்டிலுக்குக் கட்டில் வாக்குவாதம் நடக்கும். கால் ஒடிந்து கிடந்த நகரி நெசவாளி ஒருவர், கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கால் எந்தப் பக்கம் போவும்னு முதல்ல சொல்லுங்கய்யா" என்பார். வார்டே சிரிக்கும்.

வலியைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தது நாலு கேள்வி. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, எப்படி வலிக்கிறது, எது செய்தால் கூடுகிறது அல்லது குறைகிறது. முதல் இரண்டுக்கும் விரலால் காட்டியே பதில் வாங்கிவிடலாம். மூன்றாவதற்குத்தான் பாஷை வேண்டும். தமிழில் குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு எல்லாம் எனக்குத் தெரியும். தெலுங்கில் அப்படியே வேறு ஒரு வார்த்தைக் குடும்பம் இருந்தது. ஓர் அம்மா உடம்பெல்லாம் "தீபுலு" என்றார். தீபி என்றால் இனிப்பு, உடம்பில் என்ன இனிப்பு என்று முழித்தேன். அது உடம்பு வலியாம். போட்டு என்றால் குத்துகிற வலி, சலுபு என்றால் விண்விண் என்று தெறிக்கிற வலி, மண்ட்ட என்றால் எரிச்சல். கேட்கக் கேட்க ஒரு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் ஒரு பக்கம் நிறைந்தது. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

அப்போதுதான் அந்தப் பலமனேர்க்காரர் வந்தார். மாட்டுவண்டி ஓட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும். காய்கறி பாரம் ஏற்றிக்கொண்டு சித்தூர் மார்க்கெட்டுக்கு வந்த இடத்தில் வண்டி சாய்ந்து, வலது முன்கை அடியில் மாட்டிக்கொண்டது. இரண்டு எலும்பும் ஒடிந்திருந்தன. டாக்டர் இழுத்துச் சேர்த்து, விரல் கணு முதல் முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டுப் போட்டார்.

அவரைப் போலக் கத்துகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. கையைத் தொட்டால் கத்துவார். ஊசியைக் கண்ணால் பார்த்தாலே கத்துவார். காய்ச்சல் பார்க்க நாக்கடியில் கண்ணாடிக் குச்சி வைத்தபோதும் கத்தினார். அவர் பெண்சாதி, மெலிந்த உடம்புக்காரி, ஒவ்வொரு முறையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெட்கப்படுவாள். எங்கள் வார்டுத் தலைமை சிஸ்டர் திருத்தணிப் பக்கத்துக்காரர். அவர் இவருக்கு 'மில்லு சங்கு' என்று பேர் வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் வரை சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. கட்டு இறுக்குகிறது, கை தெறிக்கிறது என்றெல்லாம் சொன்னார். ஊசிக்கே கத்துகிறவர் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

மறுநாள் காலை நான் டியூட்டிக்கு வந்தபோது வார்டு அமைதியாக இருந்தது. "இன்னைக்கி சங்கு ஊதல. நல்லா படுத்துக்கினு இருக்குது, போய் எழுப்பி வுட்டுடாத" என்று சிஸ்டர் சிரித்தார்.

நான் அவர் கட்டிலண்டை போனேன். கண்ணை மூடாமல் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"நொப்பி உந்தா?" என்று கேட்டேன். வலி இருக்கிறதா என்று.

"லேது" என்றார். இல்லை.

பிறகு ஏதோ சொன்னார். "வத்து, வத்து" என்பதுபோல என் காதில் விழுந்தது. வேண்டாம் என்று அர்த்தம். ஊசி வேண்டாம் என்கிறார், சரி என்று நினைத்துக்கொண்டேன். கட்டில் காலில் தொங்கிய சார்ட்டில் 'வலி இல்லை' என்று இங்கிலீஷில் எழுதி, நேரம் போட்டு, கீழே என் கையெழுத்தையும் போட்டேன். விரலைத் தொட்டுப் பார்க்கவில்லை. அதை இன்றைக்கும் என்னால் மறைத்துச் சொல்ல முடியவில்லை.

பத்து மணி வாக்கில் அவர் பெண்சாதி வேர்க்கடலை வேகவைத்துத் துணியில் முடிந்துகொண்டு வந்தாள். உறவுக்காரர் வீடு பக்கத்திலேயே, அடுப்பிலிருந்து இறக்கி நேரே கொண்டுவந்திருக்கிறாள். முடிச்சை அவிழ்த்ததும் ஆவி வந்தது. "துன்னு நர்சம்மா" என்று என் உள்ளங்கையில் நாலு காய் வைத்தாள். பலமனேர் சந்தையில் பழகிய தமிழ் அவளுக்குக் கொஞ்சம் வரும். சூடு தாங்காமல் நான் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே நின்றேன். எழுந்து உட்கார்ந்திருந்த புருஷனின் மடிமேல் இருந்த கட்டுக் கையின் விரல்களுக்கு நடுவிலும் விளையாட்டாக நாலு காய் வைத்தாள்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகம் சுளிக்கவில்லை. விரல்கள் மடங்கவும் இல்லை. காய்கள் அப்படியே இருந்து, ஒன்றொன்றாக உருண்டு போர்வையில் விழுந்தன. கண்ணாடிக் குச்சிக்குக் கத்திய மனிதர், கொதிக்கிற கடலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"காலையில் என்ன சொன்னார்? என்கிட்ட ஏதோ சொன்னாரே" என்று அவளைக் கேட்டேன்.

"மொத்துபாரிந்தின்னு சொல்றாரு. மரத்துப் போச்சாம். பொழுது விடிய நான் வந்தப்பவே அதத்தான சொல்லிக்கினு இருந்தாரு."

என் நோட்டில் அந்த வார்த்தை இல்லை. மொத்து என்றதைத்தான் வத்து என்று கேட்டிருக்கிறேன்.

விரல்களைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தன, வெளிறி, வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. நகத்தை அழுத்தி விட்டேன். வெள்ளை வெள்ளையாகவே நின்றது, சிவப்பு திரும்ப வரவில்லை. விரலை மடக்கச் சொன்னேன், முடியவில்லை. கடைசியாக அவருடைய நடுவிரலைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினேன். அப்போது கத்தினார் பாருங்கள், வராந்தா வரைக்கும் கேட்டது. கட்டுக்குள்ளே சதை வீங்கி, இடமில்லாமல், ரத்த ஓட்டத்தை நெரித்துக்கொண்டிருக்கிறது. படிக்கும்போது இதைப் பற்றி எச்சரித்திருந்தார்கள். நேரம் கடந்தால் கை சுருங்கி, கோழிக்கால் போலாகி, அப்படியே நின்றுவிடும்.

சிஸ்டரிடம் ஓடினேன். "நேத்தெல்லாம் கத்தினான். இன்னைக்கி ஒரு தபா கத்தினதுக்கா டாக்டரக் கூப்பிடுவ? ரவுண்ட்ஸ் வரட்டும்" என்றார் அவர். நான் நேரே வெளிநோயாளிகள் பக்கம் நடந்தேன். டியூட்டி நேரத்தில் வார்டை விட்டுப் போனது அதுதான் முதல் முறை.

டாக்டர் குண்டூர்ப் பக்கத்துக்காரர், மதராசில் படித்ததால் தமிழ் நன்றாக வரும். வாசல் வரை கூட்டம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சார்ட்டில் என்ன போட்டிருக்கு?" என்றார்.

"வலி இல்லைன்னு போட்டிருக்கு சார்."

"யார் எழுதினது?"

"நான்தான்."

"நீயே எழுதிட்டு நீயே இப்போ வலின்னு வந்து நிற்கிறே?"

"வலி இல்லைன்னுதான் சார் இப்பவும் சொல்றேன். இருக்கவேண்டிய வலி இல்லை. விரல் ஜில்லுனு இருக்கு. நிமிர்த்தினா மட்டும் உயிர் போறாப்பல கத்துறார்."

அவர் பேனாவை மூடிவிட்டு எழுந்தார்.

மாவுக்கட்டை மேலிருந்து கீழ்வரை நீளமாக வெட்டினார்கள். அடியிலிருந்த பஞ்சும் துணியும் ரத்தக்கசிவில் கெட்டியாகி அதுவே ஒரு கட்டாக இறுகியிருந்தது. அதையும் தோல் தெரியும்வரை கத்தரித்தார் டாக்டர். "சாயங்காலத்துக்குள்ள நிறம் வரணும். இல்லாட்டி தோலையும் திறந்துவிடணும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

கை விடுபட்ட சிறிது நேரத்தில் உணர்ச்சி திரும்பியது. உணர்ச்சியோடு மொத்த வலியும் திரும்பியது. அவர் துடித்த துடிப்பைப் பார்க்க முடியவில்லை. அவர் பெண்சாதி என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "நல்லாத்தான இருந்தாரு! நிம்மதியா கெடந்த மனுசன இப்டிப் பண்ணிட்டியே!" அவளுடைய கண்ணுக்கு நான்தான் அந்த வலியைக் கொண்டுவந்தவள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியைப் பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்து வந்து போட்டேன். ஊசிக்கு அவர் அன்று கத்தவில்லை. கையை நெஞ்சுக்கு நேராகத் தலையணை மேல் வைத்து, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஊசி வேலை செய்கிறதா, எவ்வளவு குறைகிறது என்று தெரியவேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது? "ரொம்பவா, கொஞ்சமா" என்றால் எல்லாவற்றுக்கும் ரொம்ப என்றார். யோசித்துவிட்டு, "எத்தனை வண்டி பாரம்?" என்று அவர் பெண்சாதியைக் கேட்கச் சொன்னேன்.

அவர் முனகுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு பண்டி" என்றார். இரண்டு வண்டி.

அரைமணி கழித்துக் கேட்டேன். ஒரு வண்டி என்றார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரை வண்டி. கையை அசைத்தால் மறுபடி ஒன்று. மூன்று மணிக்கு, "தட்ட" என்றார். ஒரு கூடை. அதே நேரத்தில் நகத்தை அழுத்தினேன். வெள்ளையாகி, மெல்ல, மிக மெல்லச் சிவந்தது. நான் அவர் பெண்சாதியின் விரலைப் பிடித்து அவள் கையாலேயே அழுத்தச் செய்து காட்டினேன். அவள் இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தாள். பிறகு போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

தோலைத் திறக்கவேண்டிய தேவை வரவில்லை.

சார்ட்டில் நான் நேரத்தோடு வண்டிக் கணக்கை எழுதியிருந்ததைப் பார்த்துத் தலைமை சிஸ்டருக்குக் கோபம். "இது ஆஸ்பத்திரியா, மண்டியா?" என்று கோடு போட்டு அடித்தார். ஆனால் மறுநாள் டாக்டர் அந்தக் கோட்டுக்கு அடியில் இருந்ததைப் படித்துவிட்டு, கட்டில் பக்கம் திரும்பி, "ஏமய்யா, ஈ ரோஜு என்னி பண்ட்லு?" என்று கேட்டார், இன்றைக்கு எத்தனை வண்டி என்று. சிஸ்டர் அதற்கப்புறம் கோடு போடவில்லை. கட்டுப் போட்ட ஒவ்வொருவருக்கும் மணிக்கொரு முறை விரல் நிறம், சூடு, அசைவு பார்த்து எழுதவேண்டும் என்று வார்டில் உத்தரவும் வந்தது. அதை முதலில் கறாராக நடத்தியது அந்த சிஸ்டர்தான்.

ஆறு வாரம் கழித்து எலும்பு கூடியது. மூன்று விரல்கள் சுத்தமாகச் சரியாகிவிட்டன. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் முழுக்க மடங்கவில்லை. நான் காலையிலேயே தொட்டுப் பார்த்திருந்தால் அந்த இரண்டும் மடங்கியிருக்குமோ என்னவோ.

எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்து, திருத்தணி அந்தப் பக்கமும் சத்தியவேடு இந்தப் பக்கமும் என்று ஆனபோது, தலைமை சிஸ்டர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். என்னைத் திருப்பதிக்கு மாற்றினார்கள். அங்கே ஒருநாள் புருஷனும் பெண்சாதியும் தேடிக்கொண்டு வந்தார்கள், இருவருக்கும் மொட்டைத் தலை, சந்தனம். வண்டியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுக் காய்கறிக் கடை வைத்திருக்கிறாராம். நான் அன்று என்ன எழுதினேன் என்று அவரிடம் தெலுங்கிலேயே சொன்னேன். இத்தனை வருஷம் மனதில் இருந்தது. அவர் யோசித்துவிட்டு, "லேதுன்னு சொன்னது நான்தானம்மா, நீ எழுதின" என்றார். எனக்கு அது போதவில்லை, ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போது அவர் பெண்சாதி பெஞ்சில் உட்காரப் போனாள். சுவரைப் பிடித்து, ஒரு காலை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மலைக்கு நடந்தா போனீங்க?"

"வேண்டுதல் ஆச்சே. படிக்கட்டு ஏறித்தான்."

"முழங்கால் வலிக்குதா?"

"எனக்கென்னம்மா, ஒண்ணுமில்ல. இவர் கையைப் பாரு நீ."

நான் குனிந்து புடவைக்கு மேலாகவே முழங்காலில் கையை வைத்தேன். சூடாக, வீங்கி இருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். புருஷனைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்து, போன அறுவடைக்கு முன்னாடியிருந்து என்றாள். அவர் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். அவருக்கும் அன்றுதான் தெரியும்.

"எழுந்திரும்மா" என்று அவள் கையைப் பிடித்தேன். டாக்டர் அறை வரைக்கும் மூன்று பேருமாக மெதுவாக நடந்தோம்.