ஒரு 'கா'

அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் என் பக்கத்தில் நின்ற பெண், போனில் "ஓம் கா, வந்துட்டன் கா" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் காது சுட்டது. நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர் இல்லையென்றால் விளங்காது. எங்களூரில் பெண்ணோடு கதைக்கும்போது பேச்சின் வாலில் ஒரு 'கா' ஒட்டும். ஆணுக்கு 'டா'. யாரும் யோசித்துப் போடுவதில்லை. அதுதான் வினை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஊரூராகத் திரிந்தவன் நான். நெல் மூட்டை தூக்கினேன், கடற்கரையில் மீன் வாடிக் கொட்டிலில் கிடந்தேன், சில வருடங்களுக்கு முன் கல்முனையில் பெயிண்ட் வேலைக்குப் போனேன். தின்னர் மணம் கையை விட்டுப் போகாது. சோறும் அதே மணம்தான். இப்போது எங்கே அந்த மணம் வந்தாலும் கூடவே றிஸ்வானும் வந்துவிடுகிறான்.

வேலைக்குப் போன முதல் நாளே அவனை அடையாளம் தெரிந்தது. அட்டாளைச்சேனையில் எங்கள் ஒழுங்கைதான், நாலு வீடு தள்ளி. என் தங்கச்சியோடு பெண்பிள்ளைகள் வரிசையில் குர்ஆன் ஓதப்போன பிள்ளை. உம்மா வைத்த பெயர் வேறு, அதை இங்கே எழுதமாட்டேன். அன்று முடியைக் கட்டையாக வெட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டு, இருபது வயது வாலிபனாக நின்றான். வீட்டார் கதவடைத்துவிட்டார்கள். வேலையை நடத்திய பாஸ் கொடுத்த அறையில்தான் படுக்கை.

தண்ணீர் குடிக்கும் சாட்டில் என்னிடம் வந்தான். அண்ணனைக் கூப்பிடும் 'காக்கா'வோடுதான் தொடங்கினான்.

"காக்கா, நான் சின்னதுலயே ஆம்புளதான். இஞ்ச ஆருக்கும் தெரியா. செல்லிராதீங்க."

"எனக்கென்னத்துக்குடா" என்றேன். அந்த 'டா'வுக்கு அவன் முகம் மலர்ந்தது. நான் பெரிய மனிதனாகிவிட்டதாக ஓர் எண்ணம் எனக்கு.

நாலு மாதம் நாக்கு தவறவில்லை. ஒரு காலை, ஏணியின் கால் புது டைல்ஸில் வழுக்கியது. மேலே றிஸ்வான்.

"புடிச்சிக்க கா!" என்று கத்திவிட்டேன்.

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தப்பினான். பாஸ் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"ஆருக்குடா கா போட்டாய்?"

தங்கச்சி ஞாபகம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் வாய்க்குள்ளேயே இருந்தது. பாஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அதான் மீச முளைக்கப் பஞ்சிப்படுது, சோம்பேறி மீச."

நான் சிரித்தேன். பயமா, பாஸுக்கு நல்லவனாகும் ஆசையா, தெரியாது. அவருக்கு அந்தச் சிரிப்பே பதிலாகப் போதுமாயிருந்தது.

பகலுக்குள் அறைச் சாவியைத் திருப்பிக் கேட்டுவிட்டார். றிஸ்வான் தன் பிரஷ்ஷைக் கழுவிக் காயவைத்தான். துணிப்பையோடு என்னருகே வந்து நின்றான்.

"கா எண்டது வாய் தவறினது காக்கா. சிரிச்சது?"

நான் வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கனவே கலந்த பெயிண்ட்.

பிறகு அவனை விசாரித்தேன் என்று எழுத ஆசைதான். விசாரிக்கவில்லை. விசாரித்தால் அவனைத் தெரிந்தவனாகிவிடுவேன் என்று பயம்.

போன பெருநாளைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த தங்கச்சி, "என்ன காக்கா, வெளியூரான் மாதிரி கதைக்கிறீங்க? எனக்கும் இப்ப 'கா' போடுறதில்ல" என்றாள்.

தேத்தண்ணி சூடு என்றேன்.